கல்நாரும் காபன் குழாயும்

வெயில் காலம் தொடங்கியதும் வாசகத் தங்கை ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது: "அக்கா, சன்ஸ்கிரீன் போத்தலின் பின்பக்கத்தில் டைட்டேனியம் டயொக்சைட் என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நானோ என்று போட்டிருக்கிறது. பூசலாமா?"

பூசலாம். தோலில் தடவும் கிரீமாக இருந்தால் பயப்படப் பெரிதாக ஒன்றுமில்லை. அதையே தூளாகவோ ஸ்பிரேயாகவோ மூச்சோடு இழுத்தால் கதை வேறு. இவ்வளவுதான் பதில். ஆனால் "மூச்சோடு இழுத்தால் கதை வேறு" என்ற அந்த ஒரு வரியை மனிதர்கள் கற்றுக்கொள்ள நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. அதற்காகப் பலர் செத்தும் போனார்கள். பாடப்புத்தகத்தில் இந்த வரலாறு வராது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு நானோமீற்றர். உங்கள் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீற்றர். ஒரு பொருளின் நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றில் ஒன்றாவது 1 முதல் 100 நானோமீற்றருக்குள் இருந்தால் அதைப் பொதுவாக நானோப் பொருள் என்கிறார்கள்.

இனி கல்நாருக்கு வருகிறேன். கல்நார் என்றால் அஸ்பெஸ்டஸ். விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்கோ வன்னிக்கோ போனவர்கள் அதன் கீழேயே படுத்துத் தூங்கியிருப்பீர்கள். வீட்டுக் கூரையில் நெளிநெளியாக இருக்கும் சாம்பல் நிறச் சீற்றுகளில் கலந்திருப்பது அதுதான். தமிழ்ப் பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: கல்லில் இருந்து எடுக்கும் நார். பாறையைத் தோண்டியெடுத்து, பஞ்சு போலப் பிரித்து, நூலாக நூற்று, துணியாகவே நெய்யலாம். நெருப்பில் எரியாது. நீராவி இயந்திரங்கள் உலகை ஆண்ட காலத்தில் கொதிக்கும் குழாய்களைச் சுற்றிக் கட்ட இதைவிட நல்ல பொருள் கிடைக்கவில்லை. ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளைக் கல்நாரின் மிக மெல்லிய இழை 20, 30 நானோமீற்றர் தடிப்புத்தான். நானோ என்ற சொல் யாருடைய வாயிலும் வர முன்னரே பிரித்தானியத் தொழிற்சாலைகளில் மனிதர்கள் நானோ இழைகளைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அதை முதலில் எழுத்தில் பதிந்தவர் ஒரு பெண். பெயர் லூசி டீன். பிரித்தானிய அரசு பெண்களைத் தொழிற்சாலைப் பரிசோதகர்களாக நியமிக்கத் தொடங்கியது 1893இல். அந்த முதல் சிலரில் லூசி டீனும் ஒருவர். பெண்கள் வேலை செய்யும் இடங்களைப் பெண்கள் போய்ப் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும் என்று தொழிற்சங்கப் பெண்கள் போராடி வாங்கிய பதவி அது. 1898ஆம் ஆண்டுக்கான அறிக்கையில், உடல்நலத்துக்குக் கேடான தூசு பறக்கும் தொழில்களில் ஒன்றாகக் கல்நார் வேலையை அவர் குறிப்பிட்டார். தூசியை அரச மருத்துவப் பரிசோதகர் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, துகள்கள் கண்ணாடிச் சில்லுப் போலக் கூராக இருந்தன என்றும், அறைக் காற்றில் அவை மிதந்துகொண்டிருந்த இடங்களில் எதிர்பார்க்கக்கூடியபடியே தீங்கு விளைந்திருந்தது என்றும் எழுதினார்.

அறிக்கை அச்சானது. அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை.

அடுத்த வருடமே லண்டனின் சாரிங் குரொஸ் வைத்தியசாலைக்கு ஒரு மனிதர் மூச்சுத் திணறலோடு வந்தார். வயது 33. கல்நார்த் தொழிற்சாலையில் 14 வருட வேலை. அதில் பெரும்பகுதி நாரைச் சிக்கெடுக்கும் அறையில். தூசு மிக அதிகமாகப் பறக்கும் இடம் அது. தன்னோடு அந்த அறையில் வேலை செய்த பத்துப் பேரில் மிஞ்சியிருப்பது தான் ஒருவன் மட்டுமே என்று அவர் வைத்தியர் மொன்டேகு மரேயிடம் சொன்னார். பிறகு அவரும் இறந்தார். உடலைப் பரிசோதித்தபோது நுரையீரல் தழும்பேறி இறுகிப் போயிருந்தது, உள்ளே கல்நார் இழைகள் இருந்தன. 1906இல் அரசு ஒரு குழு அமைத்து, எந்தெந்தத் தொழில் நோய்களுக்கு நட்டஈடு கொடுக்கலாம் என்று விசாரித்தது. மரே அங்கே போய் இதைச் சொன்னார். ஆனால் மற்ற ஒன்பது பேரின் மரணத்துக்கு ஆதாரம் இறந்துபோன அந்த மனிதரின் வாய்ச்சொல் மட்டும்தானே. கல்நார் பட்டியலில் சேரவில்லை.

எனக்கு இந்த இடத்தில் எப்போதும் கோபம் வரும். பத்தில் பத்துப் பேர்! அந்தத் தொழிற்சாலையின் சம்பளப் புத்தகத்தை ஒருவர் எடுத்துப் பார்த்திருந்தால் போதும். ஒருவரும் பார்க்கவில்லை.

இனி நெல்லி கெர்ஷோவின் கதை. நான் வளர்ந்தது மான்செஸ்டரில். நெல்லியின் ஊரான ரொச்டேலுக்கு அங்கிருந்து ட்ராமிலேயே போய்விடலாம். பஞ்சாலைகளுக்குப் பெயர்போன அந்த ஊரில்தான் டேர்னர் பிரதர்ஸ் என்ற நிறுவனம் உலகின் மிகப்பெரிய கல்நார் ஆலைகளில் ஒன்றை நடத்தியது. நெல்லி சின்ன வயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர். 1917இல் டேர்னர் பிரதர்ஸில் சேர்ந்தார். கல்நாரை நூலாக நூற்பது அவருடைய வேலை. 1922க்குப் பிறகு அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. கல்நாரால் வந்த நோய் என்று உள்ளூர் வைத்தியர் சான்றிதழ் கொடுத்தார்.

அந்தச் சான்றிதழே அவரைப் பொறியில் மாட்டியது. தேசிய காப்புறுதியிடம் போனார். இது வேலையால் வந்த நோய், ஆகவே முதலாளிதான் பணம் தர வேண்டும், நாங்கள் தர முடியாது என்றார்கள். நிறுவனத்திடம் கேட்டார். அப்படி ஒரு நோய் சட்டத்தின் பட்டியலிலேயே இல்லை, ஆகவே நாங்களும் தர முடியாது என்றார்கள். பட்டியலில் ஏன் இல்லை? 1906இல் சேர்க்கவில்லையே, அதனால்தான். இரண்டு கதவும் மூடியபடி இருக்க, 1924 மார்ச் மாதம் நெல்லி இறந்தார். அவருக்கும் வயது 33. ஈமச்செலவுக்குக்கூட நிறுவனம் உதவவில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டிவருமே என்பது அவர்களுடைய கவலை. பெயர்க்கல் இல்லாத குழியில் அவரைப் புதைத்தார்கள்.

ஆனால் இந்த முறை ஒரு மாற்றம் இருந்தது. வில்லியம் குக் என்ற நோயியல் வைத்தியர் நெல்லியின் நுரையீரலை ஆராய்ந்து, பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் 1924இலேயே கட்டுரை எழுதினார். 1927இல் நோய்க்கு அஸ்பெஸ்டோசிஸ் என்று பெயரும் வைத்தார். பெயர் கிடைத்ததும் அரசு எண்ணத் தொடங்கியது. மெரிவெதர் என்ற மருத்துவப் பரிசோதகரும் பிரைஸ் என்ற பொறியியல் பரிசோதகரும் 363 தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். 95 பேருக்கு நுரையீரல் தழும்பேறியிருந்தது. நாலில் ஒருவருக்கு மேல்! 1930இல் அறிக்கை வந்தது, 1931இல் தூசைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. லூசி டீன் எழுதி 33 வருடம் கழித்து.

அந்த விதிகளும் ஆலைக்குள் தூசு பறக்கும் சில வேலைகளுக்கு மட்டும்தான். கப்பல் கட்டுமிடத்தில் குழாய்க்குக் கல்நார் சுற்றியவர், வீட்டுக் கூரைக்குச் சீற் வெட்டியவர், கணவரின் வேலைச் சட்டையை உதறித் தோய்த்த மனைவி, இவர்களில் ஒருவரையும் அந்தச் சட்டம் காணவில்லை. 1955இல் ரிச்சர்ட் டோல் கல்நார்த் தொழிலாளரிடையே நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று காட்டினார். 1960இல் தென்னாபிரிக்காவில் வாக்னரும் உடன் ஆய்வு செய்தவர்களும், நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோயை 33 பேரில் பதிந்தார்கள். ஏறக்குறைய எல்லாருமே நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவர்கள். அவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள். பக்கத்தில் சிறுபிள்ளைகளாக விளையாடியவர்கள். பிரித்தானியா நீலத்தையும் மண்ணிறத்தையும் 1985இல் தடை செய்தது, வெள்ளையை 1999இல். 1898இல் இருந்து எண்ணினால் 101 வருடம்.

தடை வந்த பிறகும் இந்த நாட்டில் மீசோதீலியோமாவால் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். இழை உள்ளே போய் முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் நோய் தலைகாட்டும் என்பதே காரணம். உங்கள் பள்ளிக்கூடக் கட்டடம் பழையது என்றால் சுவரில் எங்காவது கல்நார் எச்சரிக்கை ஸ்டிக்கர் இருக்கும், தேடிப் பாருங்கள். உடைக்காமல், துளைக்காமல் விட்டால் அது சும்மா இருக்கும்.

ஊர்க் கூரைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். 2018 ஜனவரியில் இருந்து கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. உலகின் மிகப்பெரிய கல்நார் ஏற்றுமதியாளர்களில் ரஷ்யாவும் ஒன்று. சில நாட்களுக்குள் இலங்கை தன் கல்நார்த் தீர்மானத்தைத் தள்ளிவைத்தது, ரஷ்யா தேயிலையைத் திரும்ப எடுத்தது. மலையகத்தில் நம்மவர்கள் கிள்ளிய கொழுந்து ஒரு தட்டில், நம்முடைய கூரை மறு தட்டில். வண்டு தற்செயலாக வந்ததா என்பதை நீங்களே யோசியுங்கள்.

இப்போது 1991க்கு வருவோம். ஜப்பானில் சுமியோ இஜிமா என்ற விஞ்ஞானி, காபன் நானோக் குழாய்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து விவரித்த கட்டுரை அந்த வருடம் வெளிவந்தது. பென்சில் கரியில் இருக்கும் காபன் தகட்டைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். தடிப்பு சில நானோமீற்றர், நீளம் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. உருக்கைவிடப் பலம், ஆனால் மிக இலேசு, மின்சாரமும் கடத்தும். பற்றரி, விமானப் பாகம், சைக்கிள் சட்டம் என்று எல்லாவற்றுக்கும் இதைப் போடலாம் என்று உலகம் குதித்தது.

பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஒரு கோடை விடுமுறையில் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். அங்கே அந்தக் குழாய்கள் இருந்த ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலைக் காட்டினார்கள். அடுப்புக்கரியைப் பொடியாக்கியது போல ஒரு கறுப்புத் தூள். அவ்வளவு இலேசு, போத்தலைக் கொஞ்சம் தட்டினாலே உள்ளே புகை போல எழும்பியது. காற்றை உறிஞ்சும் பெட்டிக்கு வெளியே மூடியைத் திறக்கவே கூடாது என்று எனக்குப் பொறுப்பாக இருந்த ஆய்வு மாணவி சொன்னார். அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இவ்வளவையும் படித்தேன்.

மெல்லியது, நீளமானது, எளிதில் அழியாதது, காற்றில் மிதப்பது. கல்நாரைத் தெரிந்த யாருக்கும் உடனே வயிற்றைக் கலக்கும். முதலில் கலங்கியவர்கள் தூசு ஆராய்ச்சியாளர்கள். எடின்பரோவில் தொழில்சார் மருத்துவ நிறுவகம் என்று ஒன்று உண்டு. 1969இல் தேசிய நிலக்கரிச் சபை, சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலை ஆராயவென்று நிறுவியது அது. நிலக்கரித் தூசில் தொடங்கி, கல்நாருக்கு வந்து, பிறகு நகரத்து வாகனப் புகைக்கு வந்தவர்கள் அந்த வட்டாரத்து விஞ்ஞானிகள். அவர்களில் அன்டனி சீட்டன், கென் டொனால்ட்சன் என்ற இருவரின் பெயரை நினைவில் வையுங்கள். வாகனப் புகையில் உள்ள மிக மிகச் சிறிய துகள்கள்தான் நுரையீரலில் அழற்சியை உண்டாக்கி இருதய நோயாளிகளைக் கொல்கின்றனவோ என்ற கருத்தை இவர்களும் வேறிருவரும் 1995இல் முன்வைத்தார்கள்.

அமெரிக்காவின் ரொசெஸ்டரில் குந்தர் ஒபர்டொர்ஸ்டர் குழு எலிகளை வைத்து இதையே வேறு வழியில் பார்த்திருந்தது. ஒரே டைட்டேனியம் டயொக்சைட், ஒரே நிறை. ஒன்று ஏறத்தாழ 250 நானோமீற்றர்த் துகள், மற்றது 20 நானோமீற்றர்த் துகள். சின்னத் துகள்தான் நுரையீரலை அதிகம் புண்ணாக்கியது. ஏன்? கற்கண்டையும் சீனியையும் எடுங்கள். ஒரே நிறைதான், ஆனால் சீனி தேநீரில் சட்டென்று கரையும். சிறிதாக உடைக்க உடைக்க வெளியே தெரியும் மேற்பரப்பு கூடுகிறது. உடம்பு உரசுவது மேற்பரப்போடுதான், நிறையோடு அல்ல. இதன் அர்த்தம் பெரியது. ஒரு பொருள் பெரிய துகளாக இருந்தபோது பாதுகாப்பானது என்று நிறுவியிருந்தால், அதை நானோவாக அரைத்த பிறகு அந்தச் சான்றிதழ் செல்லாது.

2003இல் இங்கே நானோ பற்றிப் பெரிய சத்தம். தன்னைத்தானே பெருக்கும் சின்ன ரோபோக்கள் உலகைத் தின்றுவிடும் என்ற கற்பனையைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன, இளவரசர் சார்ல்ஸும் கவலைப்படுவதாகச் செய்தி வந்தது. அந்தக் கற்பனையில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவில் அரசாங்கம் ரோயல் சொசைட்டியிடமும் ரோயல் பொறியியல் கழகத்திடமும் ஓர் ஆய்வு கேட்டது. ஆன் டௌலிங் என்ற பொறியியலாளர் தலைமையில் 2004 ஜூலையில் அறிக்கை வந்தது. சீட்டனும் அந்தக் குழுவில் இருந்தார். ரோபோவைத் தள்ளிவைத்துவிட்டுத் தூசைப் பற்றிப் பேசினார்கள். தொழிற்சாலையிலும் ஆய்வுகூடத்திலும் நானோத் துகளையும் குழாயையும் ஆபத்தானவை என்றே எடுத்துக்கொண்டு கையாளுங்கள், நானோவாக வரும் பழைய பொருளைப் புதிய இரசாயனமாகவே கருதுங்கள், சூழலில் கலப்பதை முடிந்தவரை தவிருங்கள் என்றார்கள். அதாவது ஒருவர் இறந்து நிரூபிக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று. நெல்லியிடம் கேட்டது இதற்கு நேர்மாறு.

அதே 2004இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், ஒன்று விண்வெளி நிறுவனமான நாசாவில், மற்றது டூபோண்ட் நிறுவனத்தில், குழாய்களை எலிகளின் நுரையீரலுக்குள் செலுத்திப் பார்த்தன. இரண்டிலும் சின்னக் கட்டிகள் தோன்றின. டூபோண்ட் ஆய்வில் அதிக அளவு கொடுத்த எலிகளில் சில உடனேயே செத்தன. ஆனால் அது நஞ்சால் அல்ல. குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு மூச்சுப் பாதையை அடைத்துவிட்டன. ஆராய்ச்சி செய்வது எவ்வளவு சிக்கல் என்று பார்த்தீர்களா? எலி செத்தது உண்மை. எதனால் என்பதுதான் கேள்வி.

இன்னொரு வேடிக்கை. 2006இல் ஜெர்மனியில் மஜிக் நானோ என்ற குளியலறை ஸ்பிரே ஒன்றைப் பாவித்த நூறு பேரளவில் மூச்சுத் திணறலுக்கு ஆளானார்கள். நானோவின் முதல் விபத்து என்று தலைப்புகள் பறந்தன. சோதித்துப் பார்த்தால் அதற்குள் நானோத் துகளே இல்லை. விற்பனைக்காக வைத்த பெயர். ஸ்பிரேயின் மற்ற இரசாயனங்களும் மிக நுண்ணிய துளிகளும்தான் பிரச்சினை. பெயரைப் பார்த்து வாங்குவதும் பெயரைப் பார்த்துப் பயப்படுவதும் ஒரே நோய்தான்.

முக்கியமான பரிசோதனை 2008இல் வந்தது. டொனால்ட்சனின் எடின்பரோக் குழு, கிரேக் போலண்டின் பெயரை முன்னால் போட்டு வெளியிட்டது. அதைப் புரிந்துகொள்ள நுரையீரலின் துப்பரவுப் பணியைத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வரும் தூசை விழுங்கி அப்புறப்படுத்த நம்மிடம் விசேட கலங்கள் இருக்கின்றன. ஒரு கலத்தின் அகலம் 10 முதல் 20 மைக்ரோமீற்றர். உருண்டைத் துகள் என்றால் முழுசாக விழுங்கிவிடும். ஆனால் தன்னைவிட நீளமான, விறைப்பான ஊசி ஒன்றை விழுங்கப் பார்த்தால்? வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கலம் விழுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல், உள்ளே இருக்கும் அரிக்கும் பொருட்களையெல்லாம் வெளியே கக்கும். சுற்றியுள்ள இடம் வருடக்கணக்காகப் புண்ணாகும். கல்நார் செய்வது இதுதான். மேர்ல் ஸ்டான்டன் என்பவர் 1970களிலேயே, இழையின் இரசாயனத்தைவிட அதன் நீளமும் மெல்லிய தன்மையுமே புற்றுநோயைத் தீர்மானிக்கின்றன என்று காட்டியிருந்தார்.

போலண்ட் குழு எலிகளின் வயிற்றறைச் சவ்வை எடுத்தது. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வும் இதுவும் ஒரே வகை என்பதால். சில எலிகளுக்கு நீளமான கல்நார், சிலவற்றுக்குக் குட்டையான கல்நார், சிலவற்றுக்கு நீளமான நேரான நானோக் குழாய், சிலவற்றுக்குக் குட்டையாகச் சுருண்ட குழாய், இன்னும் சிலவற்றுக்கு வெறும் கரித்தூள். நீளமான கல்நார் செய்ததையே நீளமான குழாயும் செய்தது: அழற்சி, தழும்புக் கட்டி. குட்டையும் சுருளும் கரித்தூளும் அப்படிச் செய்யவில்லை.

"நானோக் குழாய் புதிய கல்நார்" என்று அடுத்த நாள் தலைப்பு வந்தது. எனக்கு அந்தத் தலைப்புப் பிடிக்காது. இந்தப் பரிசோதனையில் எந்த எலிக்கும் புற்றுநோய் வந்ததாகக் காட்டவில்லை. பார்த்தது ஒரு வாரம்தான். மூச்சோடு உள்ளே போகும் குழாய் அந்தச் சவ்வுவரை போய்ச் சேருமா என்றும் அது சொல்லவில்லை, நேரே ஊசியால் ஏற்றினார்கள். (அடுத்த வருடமே வேறொரு குழு, எலிகள் சுவாசித்த குழாய்கள் அந்தச் சவ்வுக்கு மிக அருகில்வரை போனதைக் கண்டது.) அதைவிடப் பெரிய விசயம், தலைப்பு விட்டுவிட்ட பாதிதான் உண்மையில் பயனுள்ள பாதி. எல்லாக் குழாயும் ஒன்றல்ல. பெயரில் இல்லை ஆபத்து, வடிவத்தில் இருக்கிறது. கல்நாரை மனிதன் வடிவமைக்கவில்லை, பூமி தந்ததை எடுத்தான். குழாயை நாமே செய்கிறோம். குட்டையாகவும் செய்யலாம், சுருளாகவும் செய்யலாம்.

பிறகு வேகமாகச் சொல்கிறேன். அதே 2008இல் ஜப்பானில் தகாகியின் குழு, புற்றுநோய் எளிதில் வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு ஒரு வகைத் தடித்த குழாயை ஏற்றி, மீசோதீலியோமா வந்ததைக் காட்டியது. 2013இல் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ், எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீற்றர் காற்றில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. உங்கள் அறை ஐம்பது கன மீற்றர் என்றால், அறைக் காற்று முழுவதற்குமாகத் தூள் உப்பின் ஒரு மணி அளவு நிறைதான்! அதுவும் பரிந்துரைதான், சட்டம் இல்லை. 2014இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் கூடி, ஜப்பானியர் சோதித்த அந்த ஒரு வகைக் குழாயை மட்டும் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என்ற பிரிவில் போட்டது. மற்ற வகைகளைப் பற்றித் தீர்மானிக்க ஆதாரம் போதாது என்றது. இந்த இரண்டாவது வசனத்தை "மற்றவை பாதுகாப்பானவை" என்று வாசிக்க வேண்டாம். 1906இலும் ஆதாரம் போதாது என்றுதான் இருந்தது.

சன்ஸ்கிரீனுக்கு வருகிறேன், தங்கை காத்திருக்கிறாள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜூலையில் இருந்து அழகுசாதனப் பொருட்களில் நானோ இருந்தால் பட்டியலில் அடைப்புக்குறிக்குள் குறிப்பிட வேண்டும். தோலில் பூசும் டைட்டேனியம் டயொக்சைட் துகள்கள் மேல்தோலின் இறந்த படலத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. ஆனால் நுரையீரலுக்குள் போகக்கூடிய விதமாக, ஸ்பிரே போல, அந்த நானோவைப் பாவிக்க அங்கே அனுமதி இல்லை. ரொசெஸ்டர் எலிகளை நினைத்துப் பாருங்கள், காரணம் விளங்கும்.

சாப்பாடு என்றால் இன்னும் தெளிவில்லை. இனிப்புகளையும் சூயிங்கத்தையும் வெள்ளை வெளேரென்று காட்டுவதற்கு அதே டைட்டேனியம் டயொக்சைட்டைச் சேர்ப்பார்கள். ஈ171 என்பது அதன் இலக்கம். அதில் ஒரு பகுதி நானோ அளவில் இருக்கும். பிரான்ஸ் 2020இல் நிறுத்தியது. 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, மரபணுவைப் பாதிக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றதும் 2022இல் ஒன்றியம் முழுவதும் தடை. பிரித்தானியாவும் கனடாவும் அதே ஆதாரத்தைப் பார்த்துவிட்டுத் தடை செய்யவில்லை. ஆகவே பாரிஸில் இருக்கும் என் மச்சாளின் பிள்ளைகளுக்குச் சட்டப்படி கிடைக்காத ஒன்றை லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகள் சாப்பிடலாம். ஒரே ஆய்வு, இரண்டு முடிவு. ஒருவர் "தீங்கு என்று நிரூபி" என்கிறார், மற்றவர் "தீங்கில்லை என்று நிரூபி" என்கிறார். நான் இரண்டாவது பக்கம். இனிப்பு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று யாருக்கு அவசரம்?

மருந்துக்கும் பற்றரிக்கும் நானோ செய்யும் நன்மை வேறு கணக்கு, அதை இனிப்போடு சேர்த்து எடை போட முடியாது. அந்தப் பற்றரிக்குக் குழாய் செய்பவர் யார் என்பதுதான் என் கவலை. பாவிக்கும் நம் கைக்கு வரும்போது குழாய் பிளாஸ்ரிக்குக்குள் இறுகிப் போயிருக்கும். தூளாக அதைச் சுவாசிக்கக்கூடியவர் சாக்கை அவிழ்ப்பவர், அள்ளிக் கொட்டுபவர், இயந்திரத்தைக் கழுவுபவர், பழைய பொருளை அரைத்து மீள்சுழற்சி செய்பவர். லூசி டீன் போய்ப் பார்த்த அதே ஆட்கள். அமெரிக்காவில் நையோஷ், குழாய்களோடு வேலை செய்யும் நூற்றுச் சொச்சம் தொழிலாளரின் இரத்தத்தையும் சளியையும் சோதித்தது. நோய் என்று சொல்ல முடியாத, ஆனால் உடம்பு எதையோ எதிர்க்கிறது என்று காட்டும் சில மாற்றங்கள் தெரிந்தன. ஆட்கள் கொஞ்சம், காலமும் கொஞ்சம். கல்நார் போல முப்பது, நாற்பது வருடம் எடுக்குமானால், 2005இல் 25 வயதில் இந்த வேலையைத் தொடங்கிய ஒருவருக்கு அந்தக் காலம் 2035க்கும் 2045க்கும் இடையில் வரும். அவருடைய பெயரும், எந்த வகைக் குழாயோடு எத்தனை வருடம் வேலை செய்தார் என்பதும் எங்காவது பதிவில் இருந்தால், அப்போது வரும் வைத்தியர் மரேயைப் போல வாய்ச்சொல்லோடு குழுவின் முன் நிற்க வேண்டியிருக்காது. பிரான்ஸ் 2013இல் இருந்து, நானோப் பொருள் செய்யும், இறக்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் அளவையும் பாவனையையும் அரசிடம் பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பதிவில் இருப்பது பொருளின் கணக்கு. தொழிலாளரின் பெயர் அதில் இல்லை.